கீறல் போன பக்கம்

…அவளாக இருக்காது என்றுதான் காலையில் நினைத்தான், பூண்டுலோயாவில் தேயிலைத் தோட்டத்துக்கா பஞ்சம், இந்த ஒரு தோட்டத்திலேயே கொழுந்தெடுக்கிற பெண்கள் இருநூறு பேருக்குக் குறையாது, கல் சுமக்க ஒருத்தி வேண்டும் என்றால் கணக்கப்பிள்ளை போயும் போயும் அவளையா அனுப்பப் போகிறார், ஆனால் அனுப்பிவிட்டார், ஜீப்பை விட்டு இறங்கினால் கூடையோடு பாதையோரத்தில் நிற்கிறாள் அக்கா, நாகலெட்சுமி, கூடப் பிறந்தவள், இந்தத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள்… அவனைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற பாலச்சந்திரன் ஐயாவைப் பார்த்தாள், அவன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தாள், ஒரு நொடிதான், பிறகு இருவருக்கும் பொதுவாக, "சலாமுங்க ஐயா" என்றாள். அவன் என்ன செய்தான்? தலையை ஆட்டினான், முன்பின் தெரியாதவளுக்கு ஆட்டுகிற மாதிரி, அதுவும் கொஞ்சம் அவசரமாக.

"ராஜா, இந்தக் கீறலைத் தடவிப் பார்த்துச் சொல்லும்," என்கிறார் பாலச்சந்திரன், யாழ்ப்பாணத்துக்காரர், கல்லையும் மலையையும் பற்றிப் படித்துவிட்டு வந்த பெரிய உத்தியோகத்தர், அவருக்கு இவன் உதவியாள். ரோட்டுக்காக வெட்டிய மலைச்சுவர், அதில் பாறை எப்போதோ பிளந்து ஒரு பாதி மறு பாதியை உரசிக்கொண்டு நகர்ந்திருக்கிறது, நகர்ந்த பாதி இப்போது இல்லை, உரசின கீறல் மட்டும் இருக்கிறது, உள்ளங்கையால் தடவினால் ஒரு பக்கம் வழுவழுவென்று போகும், திருப்பித் தடவினால் சொரசொரக்கும், வழுக்கிக்கொண்டு போகிற பக்கம்தான் காணாமல் போன பாதி போன பக்கம். இப்படி ஐம்பது கீறலுக்குத் திசையும் சாய்வும் எடுத்தால், மனுசன் பிறப்பதற்கு முன்னால் பூமி இந்த மலையை எந்தப் பக்கத்திலிருந்து நெருக்கியது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஐயாவுக்கு இதைச் சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். "நெருக்கினது போய் எத்தனையோ காலம், ஆனா கல்லு பொய் சொல்லாது, ராஜா." கல் சொல்லாது, சரி, அதற்குத்தான் நான் இருக்கிறேனே.

ராஜா… சின்னராசாவில் முன்பாதியைத் தோட்டத்துக் கூலி லயத்திலேயே விட்டுவிட்டுத்தானே கொழும்புக்கு ரயிலேறினான், முதல் நாள் ஆபீஸில் இதே ஐயா சாதாரணமாகத்தான் கேட்டார், "நீர் எந்தப் பக்கம்?" என்று, தோட்டம் என்று சொன்னால் அந்த மனிதர் என்ன கடித்தா தின்றிருப்பார், ஆனால் வாய் முந்திக்கொண்டது, "ஹட்டன் டவுன் சேர், அப்பா கடை வச்சிருந்தவர்." அப்பா மாயாண்டி தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியே செத்தவர், அவருக்கு ஹட்டனில் கடை! அந்தக் கடைக்கு ஐந்து வருஷத்தில் பலகைக் கதவு வந்தது, இரண்டு வேலையாட்கள் வந்தார்கள், அம்மா செத்தபோது கடைக்காரர் மகன் லயத்துக் காம்பிராவுக்குப் போவதை எப்படி எழுதுவது, லீவுக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதினான், அம்மாவின் சாவுக்கு ஆபீஸில் மூன்று நாள் காய்ச்சல் என்றே பெயர். ஐந்து வயது மூத்த அக்காவை நாலாம் வகுப்போடு நிறுத்தி அம்மா கூடையைக் கொடுத்தாள், தம்பி படிக்கட்டும் என்று, இன்றைக்கு அதே கூடையில் அவன் உடைத்துப் போடுகிற கல்லையும் அவளே வாங்கிக்கொள்கிறாள். "அந்தப் பக்கம் பாசி ஐயா, வழுக்கும், பாத்துக் காலு வையிங்க." ஐயாவாம். முறைத்திருந்தால்கூடத் தேவலை, ஏண்டா என்று கேட்டிருந்தால் தேவலை, பாவி, எனக்கு ஒத்துப் பாடுகிறாள்… ஜீப் நாலு மணிக்குக் கிளம்பும், அதற்குள் சொல்லிவிட வேண்டும், இது என் அக்கா சேர், நாலே வார்த்தை, அடுத்த கீறல் முடியட்டும், இன்னும் ஒன்று முடியட்டும்.

ஐம்பதும் முடிந்துவிட்டது. தூறல் பிடித்தது, கூடை நிறையக் கல், அவள் குந்தி உட்கார்ந்தாள், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும், கை தானாகப் போயிற்று, அவள் தலைத்துணியை மூன்றாக மடித்து உச்சியில் வைத்து, முதுகுக் கூடையின் கயிற்றை அதன்மேல் படியவிட்டு, கூடையின் அடியில் முழங்காலைக் கொடுத்து, "ம்" என்று ஒரு உந்து, அவள் அந்த உந்திலேயே எழுந்துவிட்டாள், சின்ன வயதில் ஆயிரம் தடவை தூக்கிவிட்ட மாதிரியே, பழக்கமில்லாதவன் தூக்கினால் கூடை ஒரு பக்கம் சரிந்திருக்கும். நிமிர்ந்தால் ஐயா பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"அட, உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

இப்போது சொல், இதைவிட நல்ல சமயம் வராது, சொல்லித் தொலை… அந்த நேரம் பார்த்து, கூடைப் பாரத்தில் குனிந்தபடியே அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள், "நாந்தாங்க ஐயா காலையில சொல்லிக் குடுத்தேன். கெட்டிக்காரரு, ஒரே தரத்துல புடிச்சுக்கிட்டாரு."

ஐயாவும் சிரித்தார். அவனும் சிரித்தான். வெட்கங்கெட்டவன், சிரிப்புக்கூட வந்தது.

ஜீப் இறக்கத்தில் உருள்கிறது. "பாத்துப் போங்க ஐயா" என்றவள் வளைவில் நின்றாள், இப்போது தெரியவில்லை. ஐயா மடியில் காகிதத்தை விரித்து ஐம்பது கோட்டையும் போடுகிறார், இவனுக்கோ விரல் நுனியில் வேறு ஒன்று நிற்கிறது, துணியை மடித்து வைத்தபோது பட்டது, அவள் உச்சியில் முடி இல்லை, வழுவழுவென்று ஒரு பள்ளம், கயிறு உட்கார்ந்து உட்கார்ந்து எலும்பே வழிவிட்ட பள்ளம், கொழுந்தெடுக்கிறவர்களுக்கு இருப்பதுதான், அம்மாவுக்கும் இருந்தது, ஆனால் அம்மாவுக்கு நட்ட நடுவில், இவளுக்கு ஏன் இடது பக்கமாக ஒதுங்கி… அந்தக் காலத்தில் பகல் நிறுவைக்குக் கொழுந்தோடு இறங்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து அவனையும் கூட்டிக்கொண்டுதானே போவாள், அவன் பசி தாங்காமல் அவள் வலது கையில் தொங்குவான், தொங்கித் தொங்கி இழுப்பான், கூடை சரிந்துவிடாமல் அவள் கயிற்றை இடது பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்வாள், அவன் போன பிறகும் கயிறு பழகின இடத்திலேயே…

"சரி, ராஜா, இப்ப நீர் சொல்லும் பாப்பம்," என்கிறார் ஐயா, பென்சிலை எடுத்துக்கொண்டு. "எந்தப் பக்கத்தாலை நெருக்கியிருக்கு?"

"வலது பக்கம்."

"வலது பக்கமோ? என்னப்பா, திசையைச் சொல்லும்."