குடித்தனத்தோடு வந்த வீடு

"கீழ்வீட்டுல ஒரு குடும்பம் இருக்கு, பத்தொன்பது வருஷமா. அவங்களையும் சேர்த்துதான் உங்க அப்பா உங்களுக்கு எழுதி வெச்சிருக்கார்" என்று சொல்லி, சாவியைக் கொடுக்கும்போது வக்கீல் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்து மூன்று வயதுவரை வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவள். வீட்டுக்காரர் வந்து மணியடித்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டுதான் கதவைத் திறப்பாள். இன்று தானே கீழ்வீட்டு மணியை அழுத்திவிட்டு நின்றபோதும் கை முந்தானைக்குத்தான் போனது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. திரும்புங்க, அசையாதீங்க, முடிஞ்சுது போங்க. வேண்டியதை மட்டும் பேசிப் பழகிய வாய். இங்கேயும் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான்: மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள், வீட்டை விற்கப் போகிறேன். அவளுக்கு ஒன்பது வயதானபோது அவளையும் அம்மாவையும் விட்டுப் போய், செத்தானா பிழைத்தானா என்று ஒரு வார்த்தை தெரிவிக்காத அப்பாவின் வீடு. அதை வைத்துக்கொண்டு கொஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

கதவைத் திறந்த பெண்மணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அவளை உட்காரச் சொன்னாள். பெண்மணியின் கணவர் எலக்ட்ரீஷியன். அவர் உட்காரவில்லை. மாற்றிய ஒயரை, அடைத்த ஒழுகலை, தானே பூசிய சுவரை ஒவ்வொன்றாகக் காட்டினார். நல்ல குடித்தனக்காரர்கள் என்று நிரூபிக்கிற பேச்சு அது. அந்தப் பேச்சை அவளே எத்தனை வீட்டுக்காரர்களிடம் பேசியிருக்கிறாள்! அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லாமல், அவர் காட்டிய சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு பேச்சு அப்பாவிடம் போயிற்று. மாடியில் தனியாக இருந்தாராம். அவர்கள் மகளின் பள்ளிக்கூடப் பையைத் தினமும் பஸ் ஸ்டாப் வரை தூக்கிக்கொண்டு போவாராம். அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தால் தலைமாட்டை விட்டு நகரமாட்டாராம். இவளைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார்கள். ஒவ்வொன்றும் முள்ளாக ஏறியது.

"என்னப் பத்தி எப்பவாவது பேசுவாரா?" என்று கேட்டாள்.

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"பொய் சொல்ல மனசு வரலம்மா. பொண்ணு ஒருத்தர் இருக்கீங்கன்னு வக்கீல் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்."

அப்படியா? இனி அந்த வாக்கியத்தைச் சொல்வது சுலபம். வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளே போன் அடித்தது. மனைவி ஓடிப்போய் எடுத்தாள்.

"சொல்லு, மைனா."

"என்ன?" என்று இவள் திரும்பினாள்.

தன் குரல் தனக்கே கேட்டதும் முகம் சூடாகிவிட்டது. எலக்ட்ரீஷியன் ஒன்றும் புரியாமல் விளக்கினார். "எங்க பொண்ணும்மா, வெளியூர்ல வேலை. அவ பேரு வேற. நாங்க குடிவந்த மறுநாளே உங்க அப்பாதான் அவள அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சாரு. இப்ப எங்க வாயிலயும் அதுதான் வருது."

உலகத்தில் ஒரே ஒருவர்தான் இவளை அந்தப் பெயரால் கூப்பிட்டார். அவர் போன பிறகு அம்மா அந்தப் பெயரை வீட்டில் எடுக்க விடவில்லை. முப்பத்து நான்கு வருஷம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு சமையலறையிலிருந்து அது வந்து தோளைத் தொட்டது. கோபப்படுவதா, அழுவதா? தன்னிடமிருந்து எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்தாரா, இல்லை, கூப்பிடாமல் இருக்க முடியாமல் கூப்பிட்டாரா? கேட்டால் சொல்ல ஆள் இல்லை.

மனைவி தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள். மகளுக்கு இவளிடம் பேச வேண்டுமாம்.

"அக்கா," என்றது மறுமுனை. மூக்கடைத்த குரல். "அவர் போனப்ப என்னால வர முடியல. லீவு குடுக்கல. நான் வந்து பாக்கற வரைக்கும் மாடிய அப்படியே வெச்சிருப்பீங்களா?"

"வா. வந்து பாரு," என்றாள். அதைச் சொல்ல நேரமே ஆகவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. போனோடு வாசலுக்கு வந்து, மாடிப்படியின் கீழே நின்றாள்.

"அவர் உன்ன எப்படிக் கூப்பிடுவார்? அதே மாதிரி ஒரு தடவ சொல்லிக் காட்டேன்."

ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை.

"மாடியிலேர்ந்தா, பக்கத்துலேர்ந்தா?"

"மாடியிலேர்ந்து."

மேலே கைப்பிடிச் சுவரில் வெயில் விழுந்திருந்தது. மறுமுனையில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. இங்கே அவள் முகத்தை மேலே தூக்கிக்கொண்டாள்.