ராஃபியா தாலி

விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் நார்த் தொழிற்சாலை உறுமத் தொடங்கினால் ஜெராம் கடலில் மீன்களெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளும். மீனுக்குக் காது ஏது, கை ஏது என்று கேட்காதீர்கள். முப்பத்திரண்டு வருடம் அங்கே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், எனக்குத் தெரியும். இப்போதும் பசியாறும் சாக்கில் தினமும் உள்ளே போய்விடுவேன்.

எண்ணெய் எடுத்த செம்பனைக் குலைகளை லோரி ஆவி பறக்கக் கொட்டிவிட்டுப் போகும். நான்கு இயந்திரங்கள், எட்டுப் பேர். குலையைத் தள்ளினால் பல் வைத்த உருளை அதை நார் நாராகக் கிழிக்கும். மூக்கில் அடைத்த தூசியைச் சேர்த்தால் மத்தியானத்துக்குள் ஆளுக்கொரு மெத்தை தைத்துவிடலாம்.

போன மாதம் அந்த உருளை சன்னாசியின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. இதில் கூட்டிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அவனோடு அதே இயந்திரத்தில் நின்றவள் கிளாரிஸ்ஸா. கெர்லிங் தோட்டத்துப் பெண், படிப்பு பள்ளிக்கூடத்து ஐந்தாம் பாரம் வரைதான். பழைய மோட்டார் சைக்கிள்களின் பிரேக் பிடிகளைக் கழற்றி வந்து, உருளையின் இரு பக்கமும், பற்களுக்குக் கை எட்டாத தூரத்தில் பொருத்தினாள். குலையைத் தொட்டியில் போட்டுவிட்டு இருவரும் ஆளுக்கொரு பிடியை அழுத்தினால்தான் உருளை சுற்றும். ஒருவர் விட்டாலும் நின்றுவிடும். உலகத்து என்ஜினியர்கள் அன்றே வெட்கப்பட்டு வேலையை விட்டிருக்க வேண்டும். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

பதினைந்து நாளில் நான்கு இயந்திரங்களுக்கும் பிடி வந்தது. முதலாளி குமணன் பூரித்துப்போனார். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, 'புதுமை' என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார். மறுநாள் காலையிலேயே ராஃபியா கயிற்றுச் சுருளோடு வந்து இயந்திரங்களை நிறுத்தினார். ஒரு பிடியைக் கட்டிப்போட்டால் ஒரே ஆள் போதுமாம். வெள்ளிக்கிழமையோடு நான்கு பேர் வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டுமாம். முதல் பெயர் சன்னாசி.

சன்னாசி தன் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பிள்ளைகள். இனி எந்த வாசலும் அந்தக் கையை உள்ளே விடாது.

"இந்தா, தாலி," என்று சுருளை நீட்டினார் குமணன். மலாயில் கயிற்றுக்கு அதுதான் பேர். "அந்தப் பிடியில கட்டிடு."

கிளாரிஸ்ஸா வாங்கவில்லை.

"தாலி கட்ட ரெண்டு பேர் வேணும் முதலாளி."

யாரோ களுக்கென்றார்கள். சிரிப்பு நான்கு இயந்திரங்களையும் சுற்றி வந்தது.

"வெளாட்டா? இது நான் கண்டுபுடிச்ச மெஷின்மா."

"அப்ப நீங்களே ஓட்டுங்க லா."

அவரே கட்டினார். முடிச்சு என்னவோ நன்றாகத்தான் விழுந்தது. பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எட்டுப் பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஓய்வு பெற்ற என் கைகளும் தாமாகப் பின்னால் போயின. மத்தியானத்துக்குள் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வேறு ஆளை இறக்குவேன் என்று சொல்லிவிட்டு, கைபேசியைக் காதில் வைத்தபடி வெளியேறினார். செய்யக்கூடியவர்தான்.

அப்போதுதான் சன்னாசி வாய் திறந்தான். "வரட்டும். அவங்களுக்கும் பத்து வெரலுதான் இருக்கும். நாமளே சொல்லிக் குடுப்போம்."

கிளாரிஸ்ஸா முடிச்சை அறுத்தாள். ஓடாத இயந்திரங்களின் பிடிகளை இருவர் இருவராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஜோடி இல்லை. லோரி வரும் வழியைப் பார்த்து வாசலில் போய் நின்றேன். வருகிறவர்களிடம் அந்த இரண்டு விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஒரு சொல்கூடக் கூட்டாமல்.