மஞ்சள் கோடு இல்லாத நட்டு

கார்ப் பந்தய கிளப்புக்குப் பொன்விழா மலர் போடுவதென்று முடிவானதும், நினைவுக் கோப்பையின் வரலாற்றை எழுதும் வேலை மெக்கானிக்கின் தலையில் விழுந்தது. செயலாளர் கையில் மைக்கைக் கொடுத்தால் விடமாட்டார். பேனாவைக் கொடுத்தால் தொடமாட்டார். வருஷா வருஷம் கோப்பையைத் துடைத்து வைப்பவருக்குத் தெரியாததா என்று சொல்லி நைசாக நழுவிவிட்டார்.

தெரியும். தொல்லையே அதுதான்.

கோப்பையின் மரப் பீடத்தில் நாலு நட்டுகள் பதித்திருந்தார்கள். புயல் என்று எல்லாரும் கூப்பிட்ட ஓட்டுநர் கடைசியாக ஓட்டிய காரின் நட்டுகள், சக்கரத்தை நடுவில் பிடித்திருக்கும் ஒற்றை நட்டு, சக்கரத்துக்கு ஒன்று. இருபத்தாறு வருஷத்துக்கு முன் மூன்றாவது வளைவில் கார் உருண்டு அவர் இறந்தார். வேகத்தைக் குறைக்காமல் திருப்பிவிட்டார் என்று கிளப் எழுதி வைத்தது. கோப்பை வழங்கும்போதெல்லாம் அந்தத் தைரியம் யாருக்கு வரும் என்று மேடையில் புகழ்வார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் அவர் மனைவியின் முகம் மட்டும் சுண்டிப்போகும்.

நட்டை முடுக்கியதும் அதன் குறுக்கே மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பது மெக்கானிக்கின் வழக்கம். கோடு இருந்தால் வேலை முடிந்தது. பீடத்தில் மூன்று நட்டுகளில் கோடு இருந்தது, நாலாவதில் இல்லை. உருண்டதில் அழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். பந்தயத்தன்று மெக்கானிக் அதைக் கையால் திருகிவிட்டு ஸ்பேனரை எடுக்கத் திரும்பியபோது யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய் வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது. நாலையும் முடுக்கியாகிவிட்டது என்றே மறதியில் நினைத்திருந்தார், வளைவுக்கு வெகு முன்னால் புல்லில் கிடந்ததாக அந்த நட்டை யாரோ கொண்டுவந்து கொடுக்கும்வரை.

‘தைரியம்’ என்று மூன்று முறை எழுதி மூன்றையும் கிழித்தார். நாலாவது தாளில் நடந்ததை எழுதினார். பட்டறைக்கு இனி யார் வண்டி விடுவார்கள் என்ற பயம் இருக்கத்தான் செய்தது. அதைவிடப் பெரிய பயம், தன்னைத் தம்பி என்று கூப்பிடும் புயலின் மனைவியை, அவர் அண்ணி என்று அழைப்பவரைப் பற்றியது. செயலாளரிடம் போகுமுன் தாளை அண்ணியிடம் கொண்டுபோனார்.

அண்ணி தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தார். மகன் பைக் கேட்டபோது, உங்கப்பா மாதிரிப் போய்ச் சேரணுமா என்று ஒரே கேள்வியில் அவன் வாயை அடைத்தவர். முதல் வரிக்கே திரும்பி இன்னொரு தடவை படித்தார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“பயம் அண்ணி.”

“எங்க நினைப்பு இருந்திருந்தா வேகத்தைக் குறைச்சிருப்பாரேன்னு, இத்தனை வருஷமா அவர்மேல கோவமாவே இருந்துட்டேன். போட்டோவைக்கூட உள்ள எடுத்து வெச்சுட்டேன்.”

மெக்கானிக் அழுதுவிட்டார். அண்ணி அழவில்லை. போனை எடுத்து மகனின் நம்பரைப் போட்டு அவரிடம் நீட்டினார்.

“அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க,” என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

சொல்லுங்கம்மா என்றது மறுமுனை.

“அம்மா இல்லப்பா, நான் பேசறேன். உங்கப்பா தப்பு பண்ணல.”