கம்ப்ரஸர் நின்ற கப்பல்

மகன் போய் ஐந்து மாதம் கழித்து அவனோடு வாசித்த டிரம்ஸ்காரன் கையில் ஒரு தாளோடு வந்தான். மகன் போட்டு வைத்த இசையை ஆல்பமாக வெளியிட வேண்டுமாம். வாரிசு நான்தானாம், கையெழுத்து வேண்டுமாம். சிரித்துக்கொண்டே தாளை நீட்டுகிறவனை நான் நம்புவதில்லை. முதலில் கேட்கிறேன், பிறகு பார்க்கலாம் என்றேன்.

ஸ்டூடியோ என்று கூட்டிப் போனது ஒரு பல் டாக்டருக்கு மேலே இருந்த அறை. சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே சவுண்டுக்காரர் ஒருவர். ஐந்து இசை, ஐம்பது நிமிடம், வெறும் வாத்தியம், பேச்சுக்குக்கூட ஒரு வார்த்தை கிடையாது. இது புரோகிரஸிவ் ராக் என்கிற ரகம் என்றான் டிரம்ஸ்காரன். தாளம் ஏழாகப் போகும், திடீரென்று ஐந்தாகும். கூடவே காலைத் தட்டினால் நாம்தான் முட்டாள். ஆனாலும் உள்ளே கதை இருக்கிறதாம். நானூறு பேரை உறைய வைத்துத் தூங்கப் போட்டு ஒரு விண்கப்பல் வேறொரு சூரியனுக்குப் போகிறது. நூற்றைம்பது வருஷப் பயணம். ஐந்தாவது இசையில் போய்ச் சேர்ந்து எல்லோரும் விழிக்கிறார்கள்.

கேட்டேன். ஒன்றும் தோன்றவில்லை. அவன் போனதிலிருந்து எதற்கும் ஒன்றும் தோன்றுவதில்லை; சோறும் அப்படித்தான் இறங்குகிறது. நான்காவது ஓடும்போது நிறுத்தச் சொன்னேன்.

"கூலிங் ஓடலையே. நானூறு பேரும் செத்தாச்சு."

இருவரும் முழித்தார்கள். மீன் குடோனில் முப்பத்தொரு வருஷமாகக் கம்ப்ரஸர் ஓட்டுகிறவன் நான். மெஷின் நின்றால் மீனே ஒரு நாள் தாங்காது; மனுஷன் நூற்றைம்பது வருஷம் எப்படித் தாங்குவான் என்று கேட்டேன்.

அப்புறம்தான் டிரம்ஸ்காரன் வாயைத் திறந்தான். மகன் குடோனுக்கு வந்து என் கம்ப்ரஸரைப் பதிவு பண்ணிப் போய், கப்பலின் கூலிங்காக முதலிலிருந்து கடைசிவரை இசைக்கு அடியில் ஓட விட்டிருந்தானாம். சவுண்டுக்காரர் அதைக் குப்பை இரைச்சல் என்று நினைத்து மொத்தமாகத் துடைத்துவிட்டாராம்.

திரும்பப் போடாமல் கையெழுத்து இல்லை என்றேன். வெள்ளிக்கிழமை வெளியீடு என்று சவுண்டுக்காரர் முனகினார். டிரம்ஸ்காரன் தலையைச் சொறிந்தான்.

"அதுல ஒரு சிக்கல்ப்பா. நாலாவதுல நீங்க பேசுறீங்க."

துடைக்காத பழைய பதிவைப் போட்டார்கள். என் மெஷின்தான், பேரிங் தேய்ந்த சத்தத்தோடு உறுமிற்று. அதற்கு மேல் என் குரல்.

"கதவைச் சாத்துடா தண்டம். நான் செத்துச் சம்பாதிக்கிறேன், நீ சத்தம் பொறுக்க வந்தியா?"

கதவு சாத்துகிற சத்தம்.

அது எந்த நாள் என்று யோசித்துப் பார்த்தேன். தினமும் சொன்னதுதானே, எந்த நாளென்று ஞாபகம் இருக்கும்?

மகன் அதை அப்படியே வைக்கச் சொல்லியிருந்தானாம். இரைச்சல் போனதோடு என் குரலும் போனதே, என் மரியாதைக்கு நல்லதென்று டிரம்ஸ்காரன் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தானாம். இப்போது சவுண்டுக்காரர் வேறு வழி சொன்னார். மெஷின் சத்தத்தையே வேறு இடத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து, பேச்சு வரும் இடத்தில் ஒட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது.

"ஒட்ட வேணாம். அவன் வச்சது அப்படியே ஓடட்டும்."

"நாலு பேர் கேப்பாங்கப்பா."

"கேக்கட்டும். சொன்னது நான்தானே."

மெஷினைத் திரும்ப ஓட விட்டதைக் காதால் கேட்டபிறகு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாவதைப் போடட்டுமா, எல்லோரும் விழிக்கிற இடம் அதுதான் என்றான் டிரம்ஸ்காரன். வேண்டாம், ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன்.