இரண்டு சாக்கம்மாக்களின் பிள்ளைகள்

மைசூர் நஜர்பாத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள் சர்வமங்களா. ஐம்பது வருஷத்துக்கு முன்னே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களைத் தேடிப் பிடிப்பது அவள் வேலை. அன்று எழுதிய பதிவேடு கிடைத்திருந்தது. பிறக்கும்போது இளைத்திருந்து, அப்புறம் சின்ன வயதிலேயே மளமளவென்று சதை போட்டவர்களுக்குத்தான் பின்னால் சர்க்கரை அதிகம் வருகிறதா என்று அவளை அனுப்பிய டாக்டரம்மா ஆராய்ந்துகொண்டிருந்தார்.

பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இராது. பிறந்த அன்றே யார் பெயர் வைக்கிறார்கள்? தாயின் பெயர்தான் இருக்கும். வந்தது வினை. ஒரே நாளில் இரண்டு சாக்கம்மாக்கள். இருவர் புருஷனுக்கும் பட்டு மில்லில் வேலை. இருவருக்கும் பெண் குழந்தை. ஒன்று நாலரை ராத்தல், அதாவது இரண்டு கிலோ; மற்றது எட்டு.

அந்த இரண்டு பெண்களும் இப்போது அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். செலுவம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. மாதேவி இன்னும் சோதித்துக்கொள்ளவே இல்லை.

"நான்தான் தாயி அந்த நாலரை ராத்தல், எழுதிக்கோ" என்றாள் செலுவம்மா, மங்களா வந்த விஷயத்தை விளக்கியதுமே. "வெல்லம் தின்னு தின்னு வரவழைச்சுக்கிட்டேன்னு வீடே என்னைப் பேசுது. மருமக டப்பாவைப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டா. பிறவியிலேயே வந்ததுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்."

மங்களாவுக்குக் கை குறுகுறுத்தது. கணக்காகப் பொருந்துகிறதே! ஆனால் டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார்: "சர்க்கரையை வெச்சு எடையக் கண்டுபிடிக்காத. நாமே ஒளிச்சு வெச்சுட்டு நாமே எடுத்த மாதிரி ஆயிடும்."

பதிவேட்டில் இன்னொன்றும் இருந்தது. எட்டு ராத்தல் பிள்ளை ஏழாம் நாளே வீட்டுக்குப் போய்விட்டது. நாலரை ராத்தல் இருபத்தாறாம் நாள்தான். மங்களா அதை வெளியே விடாமல், பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"ஆமாக்கா, உங்களை எல்லாம் என்னைக்குத் தொட்டில்ல போட்டாங்களாம்?"

"பன்னிரண்டாம் நாள், வேற என்னைக்கு?" என்றாள் செலுவம்மா பெருமையாக. "தெரு பூரா ஒப்பட்டுப் போளி. எங்கப்பா செஞ்ச தடபுடல இன்னைக்கும் சொல்லுவாங்க."

"எனக்கு ஒப்பட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சிரித்தாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதேவி. "பஞ்சுல சுத்தி, ஒரு மாசம் கழிச்சுத்தான் கொண்டாந்தாங்களாம். பிழைக்குமோ பிழைக்காதோன்னு தொட்டில்கூட வாங்கல. இவ தொட்டில்லதான் என்னையும் ஒரு ஓரமா போட்டாங்க. ஏன்டீ, அப்பவே நீதான் முக்கால் தொட்டில அடைச்சுக்கிட்டியாமே!"

மங்களாவின் பேனா நின்றது. செலுவம்மா அவள் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"அப்ப நான் எட்டு ராத்தலா?"

"ஆமாக்கா."

"போச்சு. இனி சாகிற வரைக்கும் வெல்லந்தான் என் தலையில." முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "கொழுகொழுன்னு பிறந்த எனக்கு ஏன் வந்துச்சு? எங்கம்மாவைப் பார்த்திருந்தா நீயே சொல்லுவ, குச்சி மாதிரி இருப்பா. நான் வயித்துல இருந்தப்ப குடம் குடமாத் தண்ணி குடிப்பாளாம். அவ ஒண்ணுக்குப் போன இடத்துல எறும்பு மொய்க்குமாம். பிள்ளை அதிர்ஷ்டம்னு பாட்டி குதிச்சாளாம்" என்றாள்.

மங்களா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எறும்பா? மறுபடி சொல்லுங்க."

"எறும்புதான். ஏன்?"

"உங்கம்மாவுக்கே அப்பச் சர்க்கரை இருந்திருக்கலாம்கா. அப்படிப்பட்ட தாய்க்குப் பிள்ளை பெருசாவும் பிறக்கும், பின்னால அந்தப் பிள்ளைக்கும் வரலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. இளைச்சுப் பிறந்தவங்க கதை ஒண்ணு, உங்க கதை ஒண்ணு."

செலுவம்மா உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "கேட்டியாடீ மருமகளே! வெல்லம் இல்ல, எறும்பு!"

"கேட்டுது அத்தே. சாவி இங்கதான் இருக்கும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மாதேவி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். மங்களா எட்டு ராத்தலுக்கு நேரே செலுவம்மா என்றும், நாலரைக்கு நேரே மாதேவி என்றும் எழுதினாள். எறும்புக்குத் தாளில் கட்டம் இல்லை. ஓரத்தில் கோடு கிழித்து அதையும் எழுதிக்கொண்டாள்.

"மாதேவிக்கா, நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க, ரத்தம் பார்த்துடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. பஞ்சுல இருந்த பிள்ளை எத்தனை வயசுல சதை போட்டுது?"