கௌரக்காவின் தொண்டைக்கு ஓர் எலும்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது அல்ல. எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் மேல்வீட்டு சுப்ரியா, தோசை மாவு கேட்க வந்தபோது சொன்னது. மாவைக் கொடுத்துக் கதையை வாங்கிக்கொண்டேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'பெங்களூரில் அன்று மழை பிடித்துக்கொண்ட' — சே, வேண்டாம். அன்று நல்ல வெயில்.

சுப்ரியா கும்பகோணத்துக்காரி. கார்ட்டூன் கம்பெனியில் ரிக்கிங் வேலை. கம்ப்யூட்டரில் செய்துவைத்த உருவத்துக்குள் எலும்பும் மூட்டும் பூட்டி, அது அசையத் தோதாக்கித் தரவேண்டும். இரண்டு வருடமாகக் குடை, செருப்பு, சைக்கிள் என்று பொருள்களுக்கே பூட்டிக்கொண்டிருந்தவளுக்கு முதன்முதலாக ஓர் ஆள் கிடைத்தாள்: கன்னடக் குழந்தைகள் தொடரில் வரும் கௌரக்கா.

டீம் லீட் நோயல் அன்று காலையில் கறாராகச் சொன்னார்: "நாலு மணிக்கு சேனல் மேடம் வராங்க. அவங்க ஓகே சொன்னா மிச்ச ஆளுங்களும் உனக்குத்தான். இல்லன்னா திரும்ப குடைதான்மா."

(முதல் வரைவில் நோயலை வில்லனாக்கியிருந்தேன். "ஐயோ, அவர் ரொம்ப நல்லவருக்கா" என்று சுப்ரியா சண்டைக்கு வந்துவிட்டாள். ஆக, வில்லன் இல்லாமலேயே ஒப்பேற்ற வேண்டும்.)

2

கௌரக்கா ராகி முத்தே* சாப்பிடுவதுதான் காட்சி. பிய்க்கிறாள், குழம்பில் தோய்க்கிறாள், வாயில் போட்டு மெல்லுகிறாள். மெல்லும் தாடைக்கு மட்டும் மூன்று நாள் உழைத்திருந்தாள் சுப்ரியா.

மத்தியானம் அதை எட்டிப் பார்த்தார் பக்கத்து சீட் நாணு. மண்டியாக்காரர்.

"அய்யோ, ஏனம்மா இது! முத்தேய யாராவது மெல்லுவாங்களா?"

"மெல்லாம பின்ன?"

"முழுங்கணும்மா! மென்னா பல்லுல ஒட்டிக்கும். எங்க ஊரு குழந்தைங்களே சிரிக்கும். வா, மெஸ்ஸுக்கு ஊட்டக்குப் போலாம், சாப்ட்டே காமிக்கிறேன்."

* நம் கேழ்வரகுக் களிதான், உருண்டையாக. நானும் இத்தனை நாள் மென்றுதான் தொலைத்திருக்கிறேன்.

3

மெஸ்ஸில் நாணு விழுங்க விழுங்க, அவர் தொண்டையை போனில் படம் பிடித்தாள். பிறகு தானும் ஒரு துண்டை வாயில் போட்டாள். புரையேறியது. கண்ணில் தண்ணீர். இரண்டாவது துண்டு வழுக்கிக்கொண்டு இறங்கியதும், "போயிடுச்சு நாணு!" என்று கத்தினாள். மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

மூன்று நாள் உழைப்பு வீண் என்று எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு எரியவில்லை. "இப்பதாங்க்கா அவ நிஜமா சாப்பிடறா" என்றாள். தாடையை அடக்கிவிட்டு, கழுத்துக்குள் ஏறி இறங்கும் ஓர் எலும்பைப் பூட்டினாள். மூன்று ஐம்பத்தைந்துக்கு முடித்தாள்.

4

'மேடம் கைதட்டினார். சுப்ரியாவின்' — நாடகம் மாதிரி இருக்கிறது.

'மேடம் முகம் சுளித்தார்.' எழுத எனக்கு மனசு வரவில்லை. மாவு வாங்க வருகிற பெண்.

நடந்தது இவ்வளவுதான். கௌரக்கா பிய்த்தாள், தோய்த்தாள், விழுங்கினாள். சுப்ரியா திரையைப் பார்க்கவில்லை; மேடத்தின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் கூடவே ஒருமுறை ஏறி இறங்கியது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மேடம் இப்போது வாய் திறக்கிறார். என்ன சொன்னார் என்பதை நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஒன்று, மென்று முழுங்காமல் சொல்லவேண்டும்.