மூன்று இருபதுக்குப் போன கப்பல்

கப்பல் துறையைத் தொட இன்னும் விரற்கடை தூரம்தான் இருந்தது. மாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தார். திரை ஒரு தரம் நடுங்கிக் கறுத்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோது துறைமுகம் இல்லை, கப்பல் இல்லை, கடலே இல்லை. எப்போதும் இருக்கும் அந்த மலைப் படம் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. மாமியார் கத்தவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மேசை மேல் கிடந்த பழைய உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் நேரத்தைக் குறித்தார். அப்புறம் திரும்பாமலே கேட்டார்.

"இப்ப நீ எங்க இருந்த?"

"இங்கதான் அத்தை, துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அதுக்கு முன்னாடி?"

"தண்ணி குடிக்க எழுந்து போனேன்."

"ம்" என்றார் மாமியார். 'தண்ணீர்' என்று உறையில் எழுதவும் செய்தார்.

மருமகளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இந்த விளையாட்டைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்ததே அவள்தான். முழங்கால் இரண்டும் தகராறு செய்ய ஆரம்பித்து மாமியார் இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த மனுஷி. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எந்த டிரைவர் இரண்டு நிமிஷம் தாமதித்துவிட்டு ஐந்து நிமிஷத்துக்குக் கதை சொன்னான் என்று எழுதியே பழகிய கை, சும்மா கிடந்தால் வீட்டில் இருப்பவர்களைக் கணக்கெடுக்கத் தொடங்கிவிடும் என்று பயந்துதான் இந்தத் துறைமுக விளையாட்டு. வரிசையாகக் கப்பல்கள் வரும். ஒவ்வொன்றையும் மோதாமல் இடித்துக்கொள்ளாமல் அதனதன் துறையில் கொண்டு சேர்க்க வேண்டும். துறையில் கட்டிய கப்பல்தான் கணக்கில் சேரும்; நடுக்கடலில் நின்றது போனது போனதுதான். மாமியார் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியட்டும் என்று திரை முழுக்க விரித்துக்கொண்டார்; அன்றிலிருந்து விளையாட்டு தானாக மூடிக்கொள்ள ஆரம்பித்தது.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றித் தூசி தட்டினாள். சூடாகிறதோ என்று மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். விளையாட்டை அழித்து மறுபடி போட்டாள். ஒரு நாள் முழுக்க வேறு பிளக்கில் செருகிப் பார்த்தாள். அவளுக்கு இது தொழில் மாதிரிதான். காலையிலிருந்து இரண்டு மணி வரை இதே கணினியில் உட்கார்ந்து, சலவை இயந்திரம் விற்கும் ஒரு கம்பெனிக்கு வருகிற புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறாள். எப்போது நிற்கிறது, எத்தனை முறை நின்றது, நிற்பதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு யாருமே உண்மை சொல்வதில்லை என்பது அவளுடைய ஆறு வருஷ அனுபவம். அதனால் அவளுக்கும் மாமியார் மேல் ஒரு கண் இருந்தது. தோற்கப் போகிற சமயத்தில் மாமியாரே எதையாவது அழுத்தி மூடிவிட்டு, பழியைத் தன் தலையில் போடுகிறாரோ என்று இரண்டு நாள் துணி மடிக்கிற சாக்கில் பின்னால் நின்று விரல்களையே பார்த்தாள். விரல்கள் சுத்தமாகத்தான் இருந்தன.

அவள் கணவனுக்கு மட்டும் இதில் அக்கறையே இல்லை. லிஃப்ட் பரிசோதகர் வேலை. எந்தக் கம்பியையும் இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் நம்பாத ஆள். "பழைய மெஷின், அதைப் போய் நோண்டாத. அம்மாவுக்குத் தனியா ஒண்ணு வாங்கிடலாம்" என்று ஒதுக்கிவிட்டான். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் அப்படி ஒன்றும் கண்டும் காணாமல் இருக்கிறவன் இல்லை. வாய் விட்டுச் சொல்லாததைக்கூடத் தெரிந்துகொள்வான். ஒரு நாள் முழுக்க எவனோ ஒரு முன்கோபி எழுதிய கடிதத்தோடு மல்லுக்கட்டி அவள் நொந்து போயிருந்தால், அன்று சாயங்காலம் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்து, "இன்னிக்கு ரொம்பப் படுத்திட்டாங்களா?" என்பான். வெளியூரில் இருக்கும் அக்காவிடம் அவள் இதைப் பெருமையாகவே எழுதியிருக்கிறாள். மனசைப் படிக்கிற மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அக்கா பதில் போட்டிருந்தாள்.

"சாயங்காலம் அவன் வரட்டும்" என்று எழுந்தார் மாமியார். "நான் இருக்கிறது இடைஞ்சல்னா நேரா சொல்லிடலாம். இப்படிக் கப்பலைக் கவுக்க வேண்டாம்."

"அத்தை, நான் எதுக்கு…"

"பதினாலு தரம். அதுல ஒன்பது தரம் நீ எழுந்து போயிருக்க. எழுதி வச்சிருக்கேன்." உறையை மேசையிலேயே போட்டுவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் உறையை எடுத்தாள். தன் மேல் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையை யாரால்தான் படிக்காமல் இருக்க முடியும். மூன்று பத்து, வாசல் பக்கம் போனாள். மூன்று நாற்பது, போன் பேசினாள். நான்கு இருபது, இங்கேயே நின்றாள். மூன்று ஐம்பது, குளியலறை. இன்றைக்கு மூன்று இருபது, தண்ணீர். படித்துக்கொண்டே வந்தவள் இரண்டாம் தரம் நேரங்களை மட்டும் படித்தாள். எல்லாமே பத்தின் கணக்கில் நின்றன. மூன்று பதினேழு என்றோ நான்கு இருபத்து மூன்று என்றோ ஒன்றுகூட இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் குத்துமதிப்பாக எழுதியது என்று தள்ளிவிடலாம். ஒரு நிமிஷத்தை விட்டுக்கொடுக்காமல் முப்பத்தொரு வருஷம் டிரைவர்களிடம் திட்டு வாங்கிய கை இது. எழுதியது சரி என்றால், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இந்தக் கணினிக்குள் எதுவோ விழித்துக்கொள்கிறது.

துணியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். கணினி தன்பாட்டுக்கு எழுதி வைக்கிற பதிவேடு ஒன்று இருக்கிறது. அவள் இதுவரை திறந்து பார்த்ததில்லை. திறந்தாள். பதினாலு தரமும் விளையாட்டு விழுவதற்கு ஒரு நொடி முன்னால் ஒரே பெயர் இருந்தது. டிஸ்ப்ளே ஹெல்பர். சாதுவான பெயர். அது எங்கே குடியிருக்கிறது என்று தேடிக்கொண்டே போனாள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் இன்னொன்று. கடைசிப் பெட்டி நிறையப் படங்கள். எல்லாம் இந்தத் திரையின் படங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒன்று, தேதி வாரியாக, நேரம் வாரியாக. விளையாட்டு திரை முழுவதையும் பிடித்துக்கொண்டு ஓடும்போது இது குறுக்கே வந்து படம் எடுக்கிறது. கப்பல் ஓட்டத்தில் இருந்தால் இரண்டும் முட்டிக்கொண்டு விளையாட்டு விழுகிறது. அவளுடைய கடிதங்கள் திரை முழுவதையும் பிடிப்பதில்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

வைரஸ் ஏதோ வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டாள். முதல் படத்தின் தேதியைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. அவள் ஆபீஸுக்குப் போவதை விட்டு வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிய வாரம். மாமியார் இங்கே வருவார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. நாலைந்து படம் தள்ளி, பாதி எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. அக்காவுக்கு எழுதியது. 'நல்லவர்தான், ஆனா நாள் கணக்கா ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார், சில சமயம் பயமா இருக்கு.' அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதை எழுதிய இரண்டாம் நாள் சாயங்காலம்தான் அவன் முதல் தடவையாகக் கையில் பொட்டலத்தோடு வந்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னிக்கு என்னாச்சு, சொல்லு" என்றான். அன்று அவள் சந்தோஷத்தில் அழுதாள்.

இரண்டு வருஷத்துப் பொட்டலங்களும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. அவள் கேட்காமலே வாங்கி வந்த பச்சைச் செருப்பு. பழைய சினேகிதன் ஒருவன் நலம் விசாரித்து எழுதியிருந்த அன்று, காரணமில்லாமல் கணவன் ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்காதது. தலைவலிக்கு என்ன செய்யலாம் என்று யாரிடமும் சொல்லாமல் அவள் கணினியில் மட்டும் தேடிப் பார்த்த ஒரு நாளில், தலைமாட்டில் இருந்த மாத்திரை. எல்லாம் அன்பு என்று வைத்திருந்தாள். இப்போதும் அன்பு இல்லை என்று சொல்ல முடியவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திருடிக்கொண்டு போய் அதையே திருப்பிப் பரிசாகக் கொடுப்பவனை என்ன பெயர் சொல்லித் திட்டுவது? அவன் செய்ததுதானா என்றே மனசு இன்னொரு பக்கம் வாதாடியது. கம்பெனிக்காரர்கள் போட்டிருக்கலாம். கடைக்காரன் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

நான்கு மணிக்குப் பெட்டியின் கடைசியில் புதிதாக ஒரு படம் வந்து விழுந்தது. அவள் கண் முன்னாலேயே. திறந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே பெட்டி, அதே வரிசை, அதன் மேல் நின்ற அவளுடைய அம்புக்குறி. மூடிவிடலாமா என்று யோசிப்பதற்குக்கூட இனி அர்த்தம் இல்லை. நான்கு நிமிஷம் கழித்து அவளுடைய போன் அதிர்ந்தது. கணவன்தான் எழுதியிருந்தான். 'கம்ப்யூட்டர்ல எதையும் தொடாத. நான் வந்து பார்க்கிறேன்.'

கேட்காமல் வந்த பதிலை அவள் மூன்று தரம் படித்தாள். வாதாடிக்கொண்டிருந்த மனசு வாயை மூடிக்கொண்டது.

பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மாமியார் உறையை எடுக்க வந்தவர், திரையில் வரிசையாக நின்ற குட்டிப் படங்களைப் பார்த்துவிட்டு நின்றார். நெற்றியிலிருந்த கண்ணாடி மூக்குக்கு இறங்கியது.

"இது என் கப்பல் இல்ல?"

மாமியார் குனிந்து, திரையில் விரலை வைத்தார். "சிவப்புக் கப்பல். இன்னிக்கு மூணு இருபதுக்குப் போனது. இது புதன்கிழமை போனது. யார் இதையெல்லாம் படம் எடுத்து வச்சது? நீயா?"

அவள் போனை எடுத்து மாமியார் கையில் கொடுத்தாள். மாமியார் படித்தார். அனுப்பியவன் பெயரைப் படித்தார். அது வந்த நேரத்தைப் படித்தார். பிறகு மவுஸைத் தானே வாங்கிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். போன வாரத்துப் படம் ஒன்றில் கை நின்றது. வயதான பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் விலாசமும் அறை வாடகையும். மருமகள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் மாமியார் தேடிப் பார்த்தது போலிருக்கிறது. அவள் திடுக்கிட்டு மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லல நான்" என்றார் மாமியார். குரல் இறங்கியிருந்தது. "மறுநாள் அவனா வந்தான். காலைப் பிடிச்சுவிட்டுட்டே, 'அம்மா, நீ எங்கயும் போகக்கூடாது'ன்னான். பெத்த வயிறு குளிர்ந்து போச்சு எனக்கு."

துணிக்குவியலின் மேல் ஜன்னல் வெயில் விழுந்திருந்தது. அடுத்த வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடித்தார்கள்.

"அவங்கப்பா" என்று ஆரம்பித்தார் மாமியார். "நான் வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் வாசல்ல கடிகாரத்தோட நிப்பார். அத்தனை டிரைவர்களுக்கும் நேரம் குறிச்சுட்டு வந்து, வீட்டுல என் நேரத்தை நான் ஒப்பிக்கணும்." உறையை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தார். தண்ணீர், வாசல், குளியலறை என்று எழுதிய பக்கம். பென்சிலால் அடிக்கவில்லை, நான்காக மடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"இதை அழிச்சிடட்டுமா அத்தை?"

"எதுக்கு? இன்னொண்ணு போடுவான், நமக்குத் தெரியாத மாதிரி." கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த படம் எப்ப?"

"நாலு இருபதுக்கு."

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. ஏதாவது எழுது. அவன் பார்க்கட்டும்."

அவள் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். 'ஏன்' என்று அடித்து அழித்தாள். 'இரண்டு வருஷமாக' என்று தொடங்கி, கண் கலங்கி, அதையும் அழித்தாள். ஆறு வருஷமாக ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியவளுக்கு ஒரு வரி வரவில்லை. கடைசியில் 'பார்த்துட்டேன்' என்று மட்டும் அடித்தாள்.

மாமியார் குனிந்து படித்தார். "அப்படி வேண்டாம். பார்த்துட்டோம்னு போடு" என்றார். "பெருசா போடு. போன்ல பார்க்கிறவன்."

அவள் மாற்றினாள். எழுத்து திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நின்றது. மாமியார் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலை நீட்டி, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். போன் மேசை மேல் மறுபடி அதிர்ந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

நான்கு பத்தொன்பது ஆனதும் மாமியார் தலையைத் தடவிக் கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார், நிமிர்ந்து உட்கார்ந்து திரையை நேராகப் பார்த்தார். எடுக்கப் போவது திரையைத்தான், அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களை இல்லை என்று அவள் சொல்லவில்லை. தானும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முடியைச் சரி செய்துகொண்டு, மாமியாரை ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.